பாதிச் சொல்லில் அறுந்த லைன்

மவுண்ட் வெல்லிங்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் வைஃபை ரவுட்டர் முன் ஹோலில், டிவிக்குப் பின்னால் இருந்தது. என் அறை வீட்டின் பின்கோடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு குசினி, ஒரு குளியலறை, மூன்று சுவர்கள். அந்த மூன்று சுவர்களோடும் நான் ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டேன். வாய் இல்லாதவற்றோடு சண்டை போடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எனக்கு மறுபேச்சுப் பேசாது என்பதால் லப்டொப்பைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன்.

படிப்பு விசாவில் ஆக்லாந்துக்கு வந்தபோது மகளுக்குப் பதினாலு மாதம். யாழ்ப்பாணத்தில் அவளையும் கணவரையும் விட்டுவிட்டு வந்தேன். அவர் அங்கே கணிதம் சொல்லிக்கொடுக்கிற ரியூசன் வாத்தியார். கலியாணம் கட்டாத அவருடைய அக்கா, என் மச்சாள், அதே வீட்டில் இருந்தார். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் யோசியாமல் போய் வாரும் என்று சொன்னதும் அவர்தான். ஒரு வருஷப் படிப்பு, பிறகு வேலை, பிறகு இரண்டு பேரையும் கூப்பிடுவது என்று கணக்கு. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு என்பதால் நானும் நம்பிவிட்டேன். படிப்பு முடிந்தது. ஈஸ்ட் டாமாக்கியில், உறையவைத்த மரக்கறியைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையும் கிடைத்தது. அவர்களுடைய விசாதான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னொரு கடிதம், இன்னொரு மருத்துவப் பரிசோதனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மகளுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

குளிர்காலத்தில் எங்களுக்கு மாலை ஆறரை என்றால் யாழ்ப்பாணத்தில் சரியாக மதியம் பன்னிரண்டு. கணவர் பின்னேர வகுப்புகளுக்குப் போகமுன் வீட்டில் இருக்கிற நேரம் அது. நான் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, குளித்து, தலையைக்கூடத் துவட்டாமல் கட்டிலில் லப்டொப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஆறரையிலிருந்து ஏழு மணி வரை வீடியோ கோல். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் மிச்சம் இருபத்துமூன்றரை மணித்தியாலமும் ஓடின. அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் லைன் அறுந்து அறுந்து போனது.

காலையில் அறாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறாது. வங்கிக் கணக்குப் பார்க்கும்போது அறாது. மகள் ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டி வாயைத் திறக்கும்போதுதான் படம் அப்படியே நின்றுவிடும். பாதி மூடிய கண்ணும் கோணிய வாயுமாக என் பிள்ளை திரையில் உறைந்துபோய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். திரும்ப எடுப்பேன். எடுக்கும்போது மூன்று நிமிஷம் போயிருக்கும், அவள் கதிரையை விட்டு இறங்கி ஓடியிருப்பாள்.

வீட்டுக்கார அன்ரி மலேசியத் தமிழர். நல்ல மனுசி, ஆனால் இன்ரநெட் பற்றிய பேச்சு அவருக்குப் பிடிக்காது. நான் ஒரு நாள் கடைத்தொகுதிக்குப் போய்ப் பதினைந்து மீற்றர் நீளக் கேபிள் வாங்கிவந்து, ரவுட்டரிலிருந்து என் அறை வரைக்கும் நடைபாதை நெடுக இழுத்து விட்டேன். அன்று மாலை ஒரு தடவையும் அறவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த நாள் அன்ரி அதில் கால் தடுக்கி, கையிலிருந்த சாம்பார்ச் சட்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேபிளு வேண்டாம் லா. நான் விழுந்து இடுப்பு ஒடஞ்சா யாரு பாக்குறது? உன் புருசன் வந்து பாப்பாரா?"

என் புருஷன் என்னைப் பார்க்கவே வழியில்லாமல்தானே இந்தக் கேபிள் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டு கேபிளைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டேன்.

அடுத்த அறையில் ஒரு தமிழ்நாட்டுச் சோடி இருந்தது. புருஷன் நகர மையத்தில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். மனைவி சென்னையில் ஒரு மென்பொருள் கம்பனியில் பிழை கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவர். இங்கே வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா இருந்தது அவரை வாட்டியெடுத்தது. என் லப்டொப்பில் பிழை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பசியோடு இருந்தவருக்கு இலை போட்ட மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல சொல்லுங்க அக்கா, மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஓம் தங்கச்சி. நேற்றும் நூத்துப்போட்டுக் கொளுத்தினனான்."

அவர் எழுந்தே விட்டார். "எதக்கா கொளுத்துனீங்க?"

எங்கள் ஊரில் லைட்டைப் போடுவதைக் கொளுத்துவது என்போம், அணைப்பதை நூர்ப்பது என்போம். ரவுட்டரில் பச்சை லைட் மினுங்குவதால் அதையும் நான் லைட் கணக்கில் சேர்த்துவிட்டேன். அவருக்கோ கொளுத்துவது என்றால் நெருப்பு வைப்பதுதான். அன்ரியின் ஹோலில் நான் மண்ணெண்ணெய் ஊற்றி ரவுட்டரைக் கொளுத்துகிற காட்சி அவருக்குக் கண்முன்னே வந்திருக்கவேண்டும். விளக்கியதும் கட்டிலில் விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும், என்னக்கா இன்னிக்குக் கொளுத்தியாச்சா என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவார்.

அவருக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அவசரப்பட்டு எதையும் தொடமாட்டார். ஒரு பழைய கொப்பியைத் தந்து, ஒவ்வொரு முறை அறும்போதும் எழுதச் சொன்னார்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருக்கும்போது, திரையின் கீழ் மூலையில் வைஃபை அடையாளம் எப்படி இருந்தது, என்ன நடந்தது.

"கோவம் வந்தா அதையும் எழுதுங்க, பரவால்ல. ஆனா இந்த நாலும் கட்டாயம் வேணும். 'அடிக்கடி போகுது'ன்னு சொன்னா எந்த மெஷினும் ரிப்பேர் ஆகாது அக்கா."

தொழிற்சாலையில் பட்டாணிக்கும் சோளத்துக்கும் தினமும் இதே மாதிரி எழுதுகிறவள்தான் நான். ஆனாலும் சொந்தப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே பேனையை வைத்து எழுதுவது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினேன். திங்கள் ஆறு முப்பத்தெட்டு, பொம்மை காட்டினாள், மஞ்சள் முக்கோணம், படம் உறைந்தது. செவ்வாய் ஆறு நாற்பது, இவர் விசாக் கடிதம் வாசித்தார், மஞ்சள் முக்கோணம், குரல் உடைந்து உடைந்து வந்து நின்றது. புதன் ஆறு ஐம்பத்தொன்று, பிள்ளை அம்மா என்றாள், கோடுகள் முழுசாய் இருந்தன, கோல் நின்றது.

இரண்டு கிழமைக் கொப்பியை அவர் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம் படித்தார். பிறகு எழுந்து நேரே குசினிக்குப் போனார். ஆறு நாற்பதை ஒட்டித்தான் அன்ரி தன் கணவருக்குச் சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்குகிறார். அது ஓடுகிற நேரம் வைஃபையும் தடுமாறுகிறது. இது ஒன்று. இன்னொன்று என் லப்டொப்புக்குள்ளேயே இருந்தது. பற்றரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காக வைஃபையை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டியில் சரி அடையாளம் போட்டுக் கிடந்தது. அதை நான் போடவில்லை. வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. பிள்ளையின் முகத்தை நிறுத்திவிட்டு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது அந்தச் சனியன். தங்கச்சி அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டார். அன்ரியிடமும் அவரே போய் என்னவோ பேசி, சாப்பாட்டை ஏழு மணிக்கு மேல் சூடாக்கச் சம்மதம் வாங்கி வந்தார். என் பேச்சுக்கு அன்ரி மசிந்திருக்கமாட்டார்.

படம் உறைவது நின்றது. குரல் உடைவதும் நின்றது. ஒரு கிழமை நான் வேலைத்தலத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை மாதிரியானது மட்டும் போகவில்லை.

கிழமைக்கு இரண்டு தரம், சில வேளை மூன்று தரம். ஏழு மணியை நெருங்கும்போது, அங்கே பன்னிரண்டரை ஆகும்போது, மகள் சட்டென்று முகத்தை நிமிர்த்துவாள். "அம்..." என்பாள். இல்லாவிட்டால் முழுதாக "அம்மா" என்பாள். நான் "ஓம் குஞ்சு" என்று சொல்ல வாயெடுக்கமுன் கோல் நின்றுவிடும். திரும்ப எடுத்தால் கணவர் மட்டும் இருப்பார். பிள்ளை சாப்பிடப் போயிட்டாள், லைன் சரியில்லை, நாளைக்குக் கதைப்பம் என்பார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மற்றத் தாய்மாருக்கு அந்தச் சொல் ஒரு நாளைக்கு நூறு தரம் வரும், போதுமடா சாமி என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்குக் கிழமைக்கு இரண்டு தரம், அதுவும் பாதியில். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். யன்னலுக்கு வெளியே மழை பெய்யும், பக்கத்தில் யாரோ தொலைபேசியில் மோட்கேஜ் பற்றிக் கதைத்துக்கொண்டு வருவார்கள், நான் அவளுடைய குரலை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போவேன். அவள் என்னை மறக்கவில்லை, கூப்பிடுகிறாள், இந்தப் பாழாய்ப்போன லைன்தான் நடுவில் நிற்கிறது என்று நினைத்தேன். எனக்கு அந்த நாட்களில் வேறொரு பயமும் இல்லை, அவள் என்னை மறந்துவிடுவாளோ என்ற ஒரு பயத்தைத் தவிர. ஆகவே லைன்மீது கோபப்படுவது ஒருவகையில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

தங்கச்சி ஒரு மாலை கோல் நடக்கும்போது கூடவே இருந்து பார்க்கிறேன் என்றார். கமராவில் படாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். திரையின் ஒரு மூலையில் சின்னதாய் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்தார். வைஃபை வேலை செய்தால் அதில் விநாடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும், நின்றால் வரியும் நின்றுவிடும் என்றார். நான் மகளோடு கதைத்தேன். புதுச் சட்டையைக் காட்டினாள். காகம் ஒன்று சுவரில் வந்து இருந்ததைச் சொன்னாள். ஆறு ஐம்பத்துநாலுக்கு முகத்தை நிமிர்த்தி, "அம்மா" என்றாள். தண்ணீரில் குமிழி உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டு, கோல் நின்றது.

கறுப்புப் பெட்டியில் வரிகள் வந்துகொண்டே இருந்தன.

"உங்க நெட் போகவே இல்லக்கா. ஒரு வரிகூட விடல பாருங்க. நெட் போச்சுன்னா படம் உறையும், சுத்திட்டே நிக்கும். இந்தச் சத்தம் வராது. இது வந்து..."

அவர் அத்தோடு நிறுத்திவிட்டார். கொப்பியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். நான் எழுதியிருந்த வரிகளில் விரலை வைத்துக்கொண்டு போனார். பிள்ளை அம்மா என்றாள், பிள்ளை அம்மா என்றாள், பிள்ளை அம்மா என்றாள். அவருடைய முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை எனக்கு.

"அங்க டவர் ப்ராப்ளமா இருக்கும் அக்கா. நாம ஒண்ணும் பண்ண முடியாது. விட்டுருங்க."

அவர் எதையும் விடுகிறவர் இல்லை. ஒரு பிழையைக் கண்டால் வால் வரைக்கும் பிடித்து இழுக்கிறவர். அன்று கொப்பியை மூடித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். பிறகு அதைத் திருப்பித் தரவேயில்லை.

நான் விடவில்லை. உடனே கணவருக்கு எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, பிழை உங்கட பக்கம்தான். இஞ்ச எல்லாம் சோதிச்சாச்சு. அங்க என்ன கோதாரி நடக்குதெண்டு பாருங்கோ. ரவுட்டரை மாத்துங்கோ."

"ஓம், ஓம். இஞ்ச கொஞ்சம் பிழைதான். நான் பாக்கிறன். நீர் சாப்பிட்டீரே?"

கலியாணம் கட்டி ஏழு வருஷத்தில் அவர் தன் பக்கம் பிழை என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. உப்புக் கூடினாலும் நிறுவிக் காட்டச் சொல்லுகிற மனுஷன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் வென்றுவிட்ட திருப்தியில் படுத்துவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. வழமைபோல ஆறரைக்கு எடுத்தேன். கணவர் மகளைச் சின்னக் கதிரையில் இருத்தி, தன் லப்டொப்பை மேசையில் வைத்தார். நன்றாகக் கதைத்தோம். ஏழு மணிக்குக் கிட்ட, வாசல் படலையில் யாரோ மணி அடித்தார்கள். வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன். கணவர் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படலையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம். வைக்கட்டே? பேந்து எடுக்கிறன்."

"ஏன் வைக்கிறீங்கள்? நீங்கள் போய்ட்டு வாங்கோ. நான் பிள்ளையோட இருக்கிறன்."

மறுபடியும் மணி அடித்தது. அவர் போனார்.

அவளும் நானும் மட்டும் இருந்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நடுவில் யாரும் இல்லாமல். அவள் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நான், என்ன பொத்தான் அது என்று கேட்டேன். பூப் பொத்தான் என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"அம்மா."

"ஓம் குஞ்சு" என்றேன் நான்.

"ஓம் குஞ்சு" என்று அங்கே குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

இரண்டும் ஒரே நேரத்தில். மகள் என் பக்கம் பார்க்கவில்லை. அவள் கூப்பிட்டபோதே குசினிப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லா நாளும் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறாள். "தீத்தி விடுங்கோ அம்மா" என்றாள். மச்சாள் கையில் கோப்பையும், பிசைந்த சோறுமாக, "வாறன், வாறன், என்ர ராசாத்திக்குப் பசிச்சிட்டுதே" என்று வந்தவர் திரையில் என்னைக் கண்டார்.

படம் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழ் மூலையைப் பார்த்தேன், கோடுகள் முழுசாய் இருந்தன. மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அசையாமல் நின்றது மச்சாள்தான்.

பிறகு அவர் கதைத்தார். "நான் சொல்லிக் குடுக்கேல்லை மச்சாள். சாமி சத்தியமா. மாமி எண்டுதான் சொல்லிக் குடுக்கிறன். அவளா... அயல் பிள்ளையள் கூப்பிடுறதைப் பாத்து... தம்பிதான் உமக்குக் கேக்க வேண்டாம் எண்டு..."

அவர் முடிக்கவில்லை. இனிக் கேட்க என்ன இருக்கிறது. தன் அக்காவைப் பிள்ளை அப்படிக் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் அந்த மனுஷன் பட்டென்று கோலை வெட்டியிருக்கிறார். பிறகு, பிள்ளைக்கு 'அம்மாவைப் பார்' என்று காட்டுவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்ததும் நினைவுக்கு வந்தது. 'இஞ்ச பார்' என்று மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறார்.

எனக்கு அந்த நிமிஷத்தில் வந்தது பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பொறாமை. வயிறு எரிந்தது. என் சொல்லை எடுத்துக்கொண்டு ஒருத்தி கையில் சோற்றோடு நிற்கிறாள் என்று தோன்றியது. இதுவரை எனக்கென்று வந்த பாதிச் சொற்களும் எனக்கு வந்தவை இல்லை என்பது அதைவிட எரிந்தது. என் விரல் அந்தச் சிவப்பு அடையாளத்துக்குப் போய்விட்டது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், லைன் அறுந்திட்டுது என்று பேந்து சொல்லிக்கொள்ளலாம். மூன்று பேரும் அதை நம்பினமாதிரி இருந்துவிடுவோம்.

மகளுக்கு இது ஒன்றும் தெரியாது. பசி. வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். மச்சாள் சோற்றை உருட்டி விரலில் வைத்திருக்கிறார், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருப்பதால் கொடுக்கிறார் இல்லை. உருண்டையும் கையுமாக நிற்கிறார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மகள் வாயை மூடி, அவருடைய சீலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா."

மச்சாள் என்னைப் பார்த்தார்.

"அம்மா" என்றாள் திரும்பவும். இந்த முறை குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கூப்பிட்டால் வருகிறவர் பக்கத்தில் நின்றும் பேசாமல் நிற்பது அவளுக்கு விளங்கவில்லை.

நான் விரலை எடுத்தேன்.

"மச்சாள், பிள்ளை கூப்பிடுறாள். ஓம் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். எனக்குக் கேட்டும் கேளாததுமாய்த்தான் சொன்னார், ஆனால் பிள்ளைக்குக் கேட்டது. அவள் திரும்பவும் வாயைத் திறந்தாள். கணவர் படலையிலிருந்து ஓடிவந்தவர் எங்கள் மூன்று பேரையும் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி உருண்டை முடிகிற வரைக்கும் லைன் நன்றாகத்தான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.